சமோசா சர்ச்சையில் மறைந்துபோன எண்ணெய்க் கணக்கு

புதுதில்லி: மத்திய அமைச்சகம் ஒன்றின் செயலர் பிற அமைச்சகங்களுக்கு எழுதும் கடிதம் பொதுவாக யாருடைய உறக்கத்தையும் கெடுப்பதில்லை. கோப்பில் சேர்க்கப்பட்டு, சார்நிலை அலுவலகங்களுக்கு நகல் அனுப்பப்பட்டு, அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படுவதோடு அதன் ஆயுள் முடிந்துவிடும். மத்திய சுகாதாரத் துறைச் செயலர் புண்ய சலிலா ஸ்ரீவாஸ்தவா 2025 ஜூன் 21-ஆம் தேதி எழுதிய கடிதத்துக்கும் முதல் மூன்று வாரங்கள் அந்தக் கதிதான் நேர்ந்தது.

அரசு அலுவலகங்களின் சிற்றுண்டிச் சாலைகள், வரவேற்புக் கூடங்கள், கூட்ட அறைகள் ஆகிய இடங்களில், உணவுப் பொருள்களில் மறைந்திருக்கும் கொழுப்பு, சர்க்கரை ஆகியவற்றின் அளவைக் காட்டும் பலகைகளை வைக்குமாறு அக்கடிதம் கேட்டுக் கொண்டது. அலுவலகக் கடிதத் தாள்களிலும் உறைகளிலும் உடல்நல வாசகங்களை அச்சிட வேண்டும் என்றும் கூறியது. 2021-இல் 18 கோடியாக இருந்த, அதிக உடல் எடை கொண்ட இந்தியர்களின் எண்ணிக்கை 2050-இல் 44.9 கோடியாக உயரக்கூடும் என்ற 'லான்செட்' ஆய்வுக் கணிப்பு இதற்குக் காரணமாகச் சுட்டிக்காட்டப்பட்டிருந்தது. கவலையளிக்கும் கணிப்புதான். ஆனால் யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

ஜூலை 14-ஆம் தேதி நிலைமை தலைகீழாக மாறியது. நாகபுரி எய்ம்ஸ் வளாகத்தில் சமோசா, ஜிலேபி விற்கும் இடங்களில் எச்சரிக்கைப் பலகை வைக்கப்பட இருப்பதாகச் செய்தி வெளியானது. சில மணி நேரத்தில் அது "சிகரெட்டுக்கு இருப்பதைப் போல சமோசாவுக்கும் எச்சரிக்கை" என்று உருமாறி, எல்லா மொழித் தொலைக்காட்சிகளிலும் ஓடத் தொடங்கியது. வடஇந்தியத் தெருக்களில் கொதிக்கும் வாணலிகளின் முன்னால் ஒலிவாங்கிகள் நீட்டப்பட்டன. சமூக ஊடகங்களில் கேலியும் கோபமும் ஒன்றோடொன்று போட்டியிட்டன. அலுவலக அறிவுரை, ஒரே நாளில் நாடு தழுவிய தடை உத்தரவைப் போல ஆகிவிட்டது.

மறுநாளே அரசு விளக்கம் அளித்தது. தெருவோர வியாபாரிகள் விற்கும் பண்டங்களுக்கு எச்சரிக்கை வாசகம் இடுமாறு கடிதத்தில் கூறப்படவில்லை. இந்தியச் சிற்றுண்டிகள் தனியாகக் குறிவைக்கப்படவும் இல்லை. நாட்டின் வளமான தெருவோர உணவுப் பண்பாட்டை அது தாக்கவில்லை. பணியிடங்களில் மக்கள் நல்ல உணவைத் தேர்ந்தெடுக்கத் தூண்டும் பொதுவான அறிவுரை மட்டுமே அது என்று பத்திரிகைத் தகவல் அலுவலகம் தெரிவித்தது. ஆனால், விளக்கம் வெளிவரும் முன்பே சமோசா அரசியல் களத்தில் இறங்கிவிட்டது.

மேற்கு வங்க முதல்வர் என்ற முறையில் மம்தா பானர்ஜி, தமது அரசு இதைச் செயல்படுத்தாது என்று அறிவித்தார். சமோசாவும் ஜிலேபியும் மற்ற மாநிலங்களிலும் விரும்பி உண்ணப்படுபவை; மக்களின் உணவுப் பழக்கத்தில் தலையிடுவது சரியல்ல என்பது அவரது வாதம். மத்தியில் ஆளும் கூட்டணியைச் சேர்ந்த சிவசேனை மாநிலங்களவை உறுப்பினர் மிலிந்த் தேவ்ராவும் மாற்றுக் குரல் எழுப்பினார். பன்னாட்டு நிறுவனங்கள் கட்டுப்பாடின்றி விற்பனை செய்துவரும்போது இந்திய உணவுகளை மட்டும் தனிமைப்படுத்தக் கூடாது. மேலைநாட்டு நொறுக்குத் தீனி, மதுபானம் உள்பட எல்லாவற்றுக்கும் ஒரே சீரான தரநிலை வேண்டும் என்றார் அவர்.

எதிர்க்கட்சி முதல்வரும் ஆளும் கூட்டணி உறுப்பினரும் ஒரே நேரத்தில் ஒரு பலகாரத்தின் பக்கம் நின்றது தில்லி அரசியலில் அபூர்வக் காட்சிதான். எனினும் சமோசாவுக்கும் ஜிலேபிக்கும் அரசியல் புதிதல்ல. சமோசாவில் உருளைக்கிழங்கு உள்ள வரை பிகாரில் லாலு பிரசாத் இருப்பார் என்ற முழக்கத்தை அறியாத வடஇந்தியர் இல்லை. 2024 அக்டோபரில் ஹரியாணா தேர்தல் பிரசாரத்தின்போது கோஹானா ஜிலேபியைப் புகழ்ந்தார் ராகுல் காந்தி; தேர்தலில் வென்ற பாஜக அவருக்கு ஜிலேபி அனுப்ப ஏற்பாடு செய்து கேலி செய்தது. அதற்கடுத்த மாதம், ஹிமாசலப் பிரதேச முதல்வருக்காக வாங்கப்பட்ட சமோசாக்கள் அவரது பாதுகாவலர்களுக்குப் பரிமாறப்பட்டது பற்றி சிஐடி விசாரிப்பதாகச் செய்தி வெளியாகி ஊரே சிரித்தது. ஆகவே, சமோசாவைத் தொட்டால் செய்தியாகும் என்பதை எந்த ஊடகத்துக்கும் சொல்லித்தரத் தேவையில்லை.

இதோடு ஒப்பிட வேண்டிய நிகழ்வு ஒன்று உண்டு. இரு மாதங்களுக்கு முன்பு, 2025 மே மாதத்தில், தனது பாடத் திட்டத்தைப் பின்பற்றும் பள்ளிகளில் சர்க்கரையின் அளவைக் காட்டும் பலகைகளை வைக்க வேண்டும் என்று சிபிஎஸ்இ உத்தரவிட்டது. அது அறிவுரையைவிடக் கடுமையானது. குழந்தைகளின் உணவைப் பற்றியது. அப்போது எந்த முதல்வரும் அறிக்கை விடவில்லை. பெற்றோர் பலர் வரவேற்றனர். இரண்டுமே பலகைகள்தாம். ஒன்றில் பண்டத்தின் பெயர் இல்லை. மற்றொன்றில் ஊடகங்கள் பெயரைச் சேர்த்துவிட்டன. அந்தப் பெயர் மக்களின் தட்டில் இருந்தது.

நம்பிக்கை தேய்ந்த வரலாறு: மக்கள் எரிச்சலடைந்ததைத் தலைப்புச் செய்தியின் கோளாறு என்று மட்டும் சொல்லித் தள்ளிவிட முடியாது. கொழுப்பு பற்றி இந்தியர்களுக்குக் கூறப்பட்டவை கடந்த 75 ஆண்டுகளில் பலமுறை மாறிவிட்டன.

சுதந்திரத்துக்கு முன்பே சந்தைக்கு வந்த வனஸ்பதி, நெய்யின் இடத்தைப் பிடிக்க முயன்றபோது காந்தியடிகள் அதை எதிர்த்தார். 1950-களில் அதன் உற்பத்தியையும் விற்பனையையும் தடை செய்யக் கோரி நாடாளுமன்றத்தில் வாதிட்டவர்களில் பண்டித தாக்கூர் தாஸ் பார்கவா குறிப்பிடத்தக்கவர். நெய்யின் தூய்மையே அன்றைய கவலை. மாரடைப்பு பற்றி யாரும் பேசவில்லை. நெய்யில் கலப்படம் செய்தால் கண்டறிய வசதியாக வனஸ்பதியில் 5 சதவீதம் நல்லெண்ணெய் சேர்க்க வேண்டும் என்ற விதி வந்ததோடு ஆலைகள் தொடர்ந்து இயங்கின. நடுத்தர வர்க்கத்துக்கு அது நவீன சமையலின் அடையாளமாக விளம்பரப்படுத்தப்பட்டது. இறக்குமதியான மாட்டுக் கொழுப்பு வனஸ்பதியில் கலக்கப்பட்டதாக 1983-இல் எழுந்த புகார் நாடாளுமன்றத்தையே உலுக்கியது. அப்போதும் மக்களின் கோபம் மத உணர்வு சார்ந்ததாகவே இருந்தது.

எண்ணெயைக் கெட்டியாக்கும்போது உருவாகும் 'டிரான்ஸ்' கொழுப்பு இதய நோய்க்கு வழிவகுக்கும் என்பதை அறிவியல் உறுதிப்படுத்திய பிறகும் சட்டம் மெதுவாகவே நகர்ந்தது. வனஸ்பதி வகைகளில் இக்கொழுப்பு, டென்மார்க் நிர்ணயித்த 2 சதவீத வரம்பைப்போல 5 முதல் 12 மடங்கு வரை இருப்பதாக தில்லியில் உள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2009-இல் அறிவித்தது. இந்தியாவில் அதே 2 சதவீத வரம்பு நடைமுறைக்கு வந்தது 2022 ஜனவரி 1-ஆம் தேதிதான். இடையே 13 ஆண்டுகள். தலைமுறை தலைமுறையாக வனஸ்பதியில் பூரி பொரித்த குடும்பங்களிடம், யாரும் வருத்தம் தெரிவித்ததாக நினைவில்லை.

தில்லிவாசிகளுக்கு இன்னொரு நினைவும் உண்டு. 1998 ஆகஸ்டில் பிரம்மதண்டு விதையின் எண்ணெய் கலந்த கடுகு எண்ணெயால் நீர்க்கோவை நோய் பரவி, தலைநகரில் 60-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சில்லறையாக அளந்து விற்கப்பட்ட கடுகு எண்ணெய்க்குத் தடை வந்தது. செக்கு எண்ணெய் ஆபத்து, உறையில் அடைத்த சுத்திகரிப்பு எண்ணெயே பாதுகாப்பானது என்ற எண்ணம் அந்த ஆண்டில் வலுப்பெற்றது. இன்று அதே குடும்பங்களின் அடுத்த தலைமுறையிடம், சுத்திகரிப்பு எண்ணெய் ஆபத்து, செக்கு எண்ணெயே நல்லது என்று விளம்பரங்கள் கூவுகின்றன.

வெளிநாட்டுச் செய்திகளும் தம் பங்குக்குக் குழப்பின. 1984-இல் அட்டைப் படத்தில் முட்டையையும் பன்றி இறைச்சியையும் காட்டி கொலஸ்ட்ரால் பற்றி அச்சுறுத்திய 'டைம்' இதழ், 2014-இல் வெண்ணெய் சாப்பிடுங்கள் என்று அட்டையிலேயே அறிவித்தது. 2018-இல் ஹார்வர்ட் பேராசிரியை ஒருவர் ஜெர்மனியில் ஆற்றிய உரையில் தேங்காய் எண்ணெயை நஞ்சு என்று வர்ணித்தது உலகெங்கும் செய்தியானது. மத்திய அரசின் தோட்டக்கலை ஆணையர் அந்தப் பல்கலைக்கழகத்துக்கே கடிதம் எழுதி, கருத்தைத் திரும்பப் பெறுமாறு வலியுறுத்தினார். தமிழகம், கேரளம், கர்நாடகத்தின் தென்னை விவசாயிகளின் பிழைப்பு அதில் அடங்கியிருந்ததால் தில்லி வாய்திறந்தது நியாயம்தான். ஆனால், தேங்காய் எண்ணெயின் பெரும்பகுதி நிறைவுற்ற கொழுப்பு என்பதையும், எந்த அளவு வரை உண்ணலாம் என்பதையும் அந்தச் சந்தடியில் யாரும் மக்களுக்குப் பொறுமையாக எடுத்துச் சொல்லவில்லை.

உணவு ஒழுங்காற்று அமைப்பின் தடுமாற்றமும் சேர்ந்துகொண்டது. பால், நெய் உறைகளில் 'ஏ1', 'ஏ2' என்று குறிப்பிடுவதை நீக்குமாறு இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2024 ஆகஸ்ட் 21-ஆம் தேதி உத்தரவிட்டது. ஐந்தே நாளில் அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றது. சாதாரண நெய்யைவிடப் பல மடங்கு விலை கொடுத்து 'ஏ2' நெய் வாங்கியவர், தாம் ஏமாந்தாரா, இல்லையா என்பது தெரியாமலே இருந்துவிட்டார்.

இவ்வளவுக்கும் பிறகு ஒரு பலகையைக் காட்டி "இதில் கொழுப்பு அதிகம்" என்றால், "நாளை என்ன சொல்வீர்கள்?" என்றுதானே சாமானியர் கேட்பார்?

அரசின் இரு கைகள்: 2025-இல் எண்ணெயைக் குறைக்குமாறு மக்களிடம் பேசியவர் பிரதமரே. பிப்ரவரி 23-ஆம் தேதி 'மனதின் குரல்' வானொலி உரையில், ஒவ்வொரு மாதமும் வாங்கும் சமையல் எண்ணெயை 10 சதவீதம் குறைக்க உறுதியேற்குமாறு நரேந்திர மோடி கேட்டுக் கொண்டார். மறுநாள் உமர் அப்துல்லா, மோகன்லால், ஆர். மாதவன், மீராபாய் சானு உள்ளிட்ட 10 பேரை இந்த இயக்கத்துக்கு முன்மொழிந்தார். ஆகஸ்ட் 15-ஆம் தேதி செங்கோட்டை உரையிலும் இதே வேண்டுகோள் இடம்பெற்றது.

வேண்டுகோளுக்கு அடிப்படை உண்டு. நாட்டில் ஒருவர் ஆண்டுக்கு சராசரியாக 19.7 கிலோ சமையல் எண்ணெய் பயன்படுத்துவதாக நீதி ஆயோக் 2024 ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் பரிந்துரைப்பதோ 12 கிலோ. பிரதமர் கேட்டபடி 10 சதவீதம் குறைத்தாலும் 17.7 கிலோவில்தான் நிற்கும். தேவையில் பாதிக்கும் மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. 2022-23-ஆம் ஆண்டில் மட்டும் இறக்குமதி 165 லட்சம் டன். அதில் பாதிக்கும் அதிகமானது பாமாயில். எனவே, எண்ணெயைக் குறைத்தால் இதயத்துக்கும் நல்லது, அன்னியச் செலாவணிக்கும் நல்லது.

ஆனால், பேசிய வாய்க்கும் கையெழுத்திட்ட கைக்கும் இடையே இசைவு இருந்ததா என்பது கேள்விக்குரியது. எண்ணெய் வித்து விவசாயிகளுக்காக 2024 செப்டம்பரில் உயர்த்தப்பட்ட இறக்குமதி வரியில் ஒரு பகுதியை, 2025 மே 30-ஆம் தேதி மத்திய அரசு குறைத்தது. கச்சா பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்களுக்கான அடிப்படைச் சுங்க வரி 20 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாக இறங்கியது. விலைவாசியைக் கட்டுப்படுத்துவதே நோக்கம் என்று விளக்கம் தரப்பட்டது. செப்டம்பர் 3-ஆம் தேதி கூடிய ஜிஎஸ்டி கவுன்சில், வெண்ணெய், நெய், உறையில் அடைத்த காரவகைகள் ஆகியவற்றின் வரியை 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக்கியது. பண்டிகைக் காலத்தில் அது பரிசாகக் கொண்டாடப்பட்டது. இத்தனைக்கும், அதே ஆண்டு ஜனவரி இறுதியில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட பொருளாதார ஆய்வறிக்கை, அதிகம் பதப்படுத்தப்பட்ட உணவுகளுக்குக் கூடுதல் 'சுகாதார வரி' விதிப்பது பற்றி யோசிக்கலாம் என்று கூறியிருந்தது.

எண்ணெய் விலை ஏறினால் இல்லத்தரசி வாக்குச் சாவடியில் கணக்குத் தீர்ப்பார் என்ற அச்சம் எல்லா அரசுகளுக்கும் உண்டு. இதில் கட்சி வேறுபாடு இல்லை. அந்த அச்சத்தைக் குறை கூறவும் முடியாது. சராசரி என்ற சொல்லுக்குப் பின்னால் இரண்டு இந்தியாக்கள் இருக்கின்றன. 2019-21-இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி 24 சதவீதப் பெண்களும் 22.9 சதவீத ஆண்களும் அதிக எடை கொண்டவர்கள். தமிழகத்தில் பெண்களின் விகிதம் 40.4 சதவீதம், தில்லியில் 41.3 சதவீதம். அதே ஆய்வில்தான், நாட்டில் 5 வயதுக்கு உள்பட்ட குழந்தைகளில் 35.5 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரமின்றி இருப்பதும், 18.7 சதவீதப் பெண்கள் மிகவும் மெலிந்திருப்பதும் பதிவாகியுள்ளது. சிறிய உறையில் எண்ணெய் வாங்கிக் குழம்பு தாளிக்கும் குடும்பத்திடம் 10 சதவீதத்தைக் குறைக்கச் சொல்வதில் பொருளில்லை. ஊடகங்களோ, குளிர்சாதன வசதியுள்ள அலுவலகச் சிற்றுண்டிச் சாலைக்கான அறிவுரையை அவர்களுக்கும் சேர்த்தே ஒலிபரப்பின.

வாணலியும் பொட்டலமும்: தெருவோர சமோசாவில் உண்மையான சிக்கல் ஒன்று இருக்கிறது, சர்ச்சையில் அது அடிபடவே இல்லை. ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுவதால் உருவாகும் தீங்கான வேதிப் பொருள்களைக் கட்டுப்படுத்த, 2018 ஜூலை 1 முதல் விதி நடைமுறையில் உள்ளது. எண்ணெயில் மொத்த துருவச் சேர்மங்களின் அளவு 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது. அவ்வாறு கழியும் எண்ணெயைச் சேகரித்து பயோடீசல் தயாரிக்கும் திட்டமும் அதே ஆண்டு தொடங்கப்பட்டது. பெரிய உணவகங்கள் ஓரளவு இதில் இணைந்தன. நாளொன்றுக்குச் சில லிட்டர் எண்ணெயில் பிழைப்பு நடத்தும் தள்ளுவண்டிக்காரரிடம் சோதனைக் கருவியும் இல்லை. மிஞ்சிய எண்ணெயைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றும் வசதியும் இல்லை. அவருக்கு உதவாமல் அவருடைய பண்டத்தைப் பற்றி மட்டும் பேசினால் கோபம் வருவது இயல்பு.

"பீட்ஸாவை விட்டுவிட்டு சமோசாவை ஏன் பிடிக்கிறீர்கள்?" என்ற கேள்வியில் உணர்ச்சி அதிகம். சமோசாவே மத்திய ஆசியாவிலிருந்து வந்து குடியேறிய பண்டம் என்று வரலாற்றாசிரியர்கள் சொல்வார்கள். ஆயினும் அக்கேள்வியில் ஒரு நியாயம் உண்டு. சமோசா எண்ணெயில் பொரித்தது என்பது உண்பவருக்குத் தெரியும். கையில் ஒட்டும் எண்ணெயே சாட்சி. 'பல தானியம்', 'வறுக்கப்படாதது' என்று முகப்பில் பளிச்சிடும் பொட்டலத்தில் எவ்வளவு கொழுப்பு, உப்பு, சர்க்கரை இருக்கிறது என்பதை அறிய, பின்புறம் பொடி எழுத்தில் உள்ள அட்டவணையைத்தான் தேட வேண்டும்.

நாடாளுமன்றத்தில் இந்த விவகாரம் நடந்துகொண்ட விதமும் சுவையானது. மழைக்காலக் கூட்டத்தொடர் ஜூலை 21-ஆம் தேதி தொடங்குவதற்கு முன்பே, மக்களவைத் தலைவர் ஓம் பிர்லாவின் முயற்சியில் உறுப்பினர்களுக்கான புதிய உணவுப் பட்டியல் தயாரானது. கேழ்வரகு இட்லி, சோள உப்புமா, பாசிப்பருப்பு அடை, வாட்டிய மீன் எனப் பட்டியலிடப்பட்டு, பலவற்றின் பக்கத்தில் கலோரி அளவும் குறிக்கப்பட்டது. சாம்பார், சட்னியுடன் கேழ்வரகு இட்லிக்கு 270. அரசு அலுவலகங்களுக்குச் சொன்னதைத் தங்களுக்கும் பொருத்திக்கொண்டதில் தவறு காண இயலாது. சமோசா பற்றி அவையில் சூடான விவாதம் எழும் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தனர். முதல் நாள் இரவே குடியரசுத் துணைத் தலைவர் ஜகதீப் தன்கர் பதவி விலக, சமோசா செய்தியிலிருந்து நழுவியது. ஜூலை இறுதியில் கோரக்பூர் பாஜக உறுப்பினர் ரவி கிஷன், மக்களவையில் அதன் பெயரை மீண்டும் உச்சரித்தார். ஒரு கடையில் சமோசா சிறியதாகவும் இன்னொரு கடையில் பெரியதாகவும் இருக்கிறது. விலைப்பட்டியலில் விலை இருக்கிறதே தவிர அளவு இல்லை. இதற்குச் சட்டம் வேண்டும் என்பது அவரது கோரிக்கை.

பொட்டலங்களின் முகப்பில் எச்சரிக்கை இட வேண்டுமா என்ற பிரச்னை உச்ச நீதிமன்றத்தின் முன் இருந்தது. 2022 செப்டம்பரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வரைவு, அரை நட்சத்திரம் முதல் 5 நட்சத்திரம் வரை தரமிடும் முறையை முன்வைத்தது. கொழுப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டம்கூட ஒன்றிரண்டு நட்சத்திரம் பெற்று நல்லதைப்போலத் தோன்றிவிடும், சிலி நாடு 2016 முதல் பின்பற்றும் கறுப்பு எண்கோண எச்சரிக்கையே தேவை என்று நுகர்வோர் அமைப்புகள் வாதிட்டன. வரைவின் மீது 14,000-க்கும் அதிகமான கருத்துகள் குவிந்தன. பொதுநல மனு ஒன்றை விசாரித்த நீதிபதிகள் ஜே.பி. பார்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு, மூன்று மாதங்களில் பரிந்துரைகளை முடிக்குமாறு நிபுணர் குழுவுக்கு 2025 ஏப்ரல் 9-ஆம் தேதி உத்தரவிட்டது. சமோசா குறித்த விளக்க அறிக்கை வெளியான அதே ஜூலை மாதத்தில், குழுவுக்கு மேலும் மூன்று மாத அவகாசம் அளிக்கப்பட்டது.